பைட்டா, எழுத்தா? பைத்தான் 3-க்கு மாறிய பத்தாண்டுகள்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் 3 எழுத்து என்று சொல்லும். பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் சாதாரண மேற்கோள்குறிக்குள் இட்டுக் கேட்டால் 15 என்று வரும். பைத்தான் 3-இடம் கேட்டால் 5. மூன்று விடைக்கும் காரணம் உண்டு. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யுனிகோடில் இந்தச் சொல்லுக்கு 5 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். ஆக மொத்தம் 15 பைட். பைத்தான் 2 எண்ணியது பைட்டை, பைத்தான் 3 எண்ணுவது குறியீட்டை. நம் கண் எண்ணுவதுபோல் எழுத்தை எண்ண வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் போன்ற தனி லைப்ரரி தேவை.

பைட்டிலிருந்து குறியீட்டுக்கு நகர்ந்த அந்த ஓர் அடிக்காக உலகெங்கும் திறமூல மென்பொருள் திட்டங்கள் பத்தாண்டுக்கும் மேல் உழைத்திருக்கின்றன. ஒரு மென்பொருளை அது எழுதப்பட்ட மொழியின் அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோவது என்றால் உண்மையில் என்ன வேலை, ஏன் அவ்வளவு காலம் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கோளாறு என்னவென்று பார்த்துவிடலாம். பைத்தான் 2-இல் உரைக்கு இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று வெறும் பைட் வரிசை. சாதாரணமாக மேற்கோள்குறி போட்டால் கிடைப்பது இதுதான். மற்றொன்று யுனிகோடு உரை. அதற்கு முன்னால் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் கலந்தால் பைத்தான் 2 வாய் திறக்காது. பைட் வரிசையை ஆஸ்கி என்று தானே எண்ணிக்கொண்டு யுனிகோடாக மாற்றி ஒட்டிவிடும். ஆஸ்கியில் இருப்பவை 0 முதல் 127 வரையான எண்கள் மட்டுமே. ஆங்கிலப் பெயர்கள் அதற்குள் அடங்கிவிடும். தமிழின் எந்தக் குறியீட்டை எடுத்தாலும் யுடிஎஃப்-8 முறையில் அதன் முதல் பைட்டின் மதிப்பு 224. எனவே ஆங்கிலப் பெயர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல், ஒருவர் தன் பெயரைத் தமிழில் தட்டிய அன்று பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். எழுதியவர் மீதும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. அவர் மேசையில் அது ஒருநாளும் தவறியதில்லை. நம் மொழி போன்றவற்றை எழுதுகிறவர்கள்தான் அந்தக் கோளாறை முதலில் சந்தித்தார்கள்.

இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது என்று பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமும் அவருடைய குழுவினரும் முடிவெடுத்தார்கள். 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்த பைத்தான் 3.0-இல் மேற்கோள்குறிக்குள் இருப்பது உரை, அதாவது யுனிகோடு. பைட் வேண்டுமென்றால் முன்னால் ‘பி’ போட வேண்டும். இரண்டையும் ஒட்ட முயன்றால் உடனே பிழை, அது ஆங்கிலமாக இருந்தாலும் சரி. பழைய நிரல் ஓடாமல் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். அதைச் செயல்படுத்திய முறை வேறு கதை.

உடைத்ததுதான் உடைத்தோம் என்று வேறு சிலவற்றையும் அப்போதே மாற்றினார்கள். பிரிண்ட் என்ற கட்டளை அடைப்புக்குறி கேட்கும் சார்பாக மாறியது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 3 வந்தது, இப்போது 3.5. ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நன் என்ற மதிப்பை ஓர் எண்ணோடு ஒப்பிட்டுப் பெரிதா சிறிதா என்று கேட்டால் முன்பு ஏதோ ஒரு விடை வரும், இப்போது பிழை. அகராதியின் சாவிகளைக் கேட்டால் பட்டியலாக வந்தது, இப்போது வேறொரு பொருளாக வருகிறது.

இவற்றில் பலவற்றைக் கருவியே மாற்றித் தந்துவிடும். 2டு3 என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே வந்தது. பழைய நிரலைக் கொடுத்தால் பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடும், மாறிப்போன பெயர்களைத் திருத்தும். ஆனால் ஒரு மேற்கோள்குறிக்குள் இருக்கும் சொல்லை எழுதியவர் உரையாக நினைத்தாரா, பைட்டாக நினைத்தாரா என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. பல இடங்களில் எழுதியவரே அதை நினைத்திருக்க மாட்டார். நினைக்க வேண்டிய தேவையை அந்த மொழி அவருக்கு வைக்கவில்லை. இடம்பெயர்ப்பின் உண்மையான வேலை இதுதான்: வரிவரியாகப் படித்து, இங்கே வருவது கோப்பிலிருந்தா, வலையிலிருந்தா, பயனர் தட்டியதா என்று தேடிக் கண்டுபிடித்து, பத்தாண்டுக்கு முன் எடுக்காமல் விட்ட முடிவை இன்று எடுப்பது.

தவறாக எடுத்தால் என்ன ஆகும்? பிழைச்செய்தி வந்தால் அது அதிர்ஷ்டம், எந்த வரி என்று தெரிந்துவிடும். ஒன்றும் வராமல் போவதுதான் ஆபத்து. பைத்தான் 3-இல் ஒரு சொல்லின் பைட் வடிவத்தையும் உரை வடிவத்தையும் சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்ற விடை அமைதியாக வரும். அமைப்புக் கோப்பிலிருந்து ஒரு சொல்லைப் பைட்டாகப் படித்து, உரையைச் சாவியாகக் கொண்ட அகராதியில் தேடினால் அது கிடைக்காது. நிரல் ‘பயனர் எதையும் அமைக்கவில்லை போல’ என்று முடிவுகட்டி மேலே போய்விடும். இன்னொன்று: பைட் வரிசையை அப்படியே உரையாக்கச் சொன்னால், தொடக்கத்தில் ‘பி’ என்ற எழுத்தும் இருபுறமும் மேற்கோள்குறியும் சேர்ந்து உரையாகிவிடும். கோப்புப் பெயரிலோ மின்னஞ்சல் தலைப்பிலோ சம்பந்தமில்லாமல் ஒரு ‘பி’யும் மேற்கோள்குறியும் ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ ஒருவருடைய இடம்பெயர்ப்பு அந்த வரியில் பாதியில் நிற்கிறது என்று பொருள். முதல் வகைப் பிழையைப் பிடிக்க, பைட்டும் உரையும் ஒப்பிடப்படும் இடத்திலெல்லாம் எச்சரிக்கச் சொல்லும் ஒரு தெரிவு பைத்தானிலேயே உண்டு. இருமுறை சேர்த்துக் கொடுத்தால் எச்சரிக்கை பிழையாகவே மாறிவிடும். இந்த வேலையில் இறங்குபவர் முதல்நாளே அதைப் போட்டுவிடுவது நல்லது.

நிறுவனத்தில் இது ஓர் ஆணையில் நடக்கும். நாள் குறிப்பார்கள், ஆள் ஒதுக்குவார்கள். திறமூலத் திட்டத்தில் ஆணையிட யாரும் இல்லை. மாலையிலும் வார இறுதியிலும் விருப்பத்தோடு வேலை செய்பவர்களிடம் ‘புதிதாக ஒன்றும் சேர்க்காமல், ஏற்கெனவே ஓடுவதை மறுபடி ஓடவைக்க ஓர் ஆண்டு செலவிடுங்கள்’ என்று கேட்பது எளிதில்லை. அதோடு எந்தத் திட்டமும் தனியாக நிற்பதில்லை. என் நிரல் பத்து லைப்ரரிகளை நம்பியிருந்தால், அந்தப் பத்தும் மாறாமல் நான் மாற முடியாது. லைப்ரரி எழுதியவரோ தன் பயனர்கள் எல்லாரும் பைத்தான் 2-இல் இருப்பதைப் பார்க்கிறார். அவருக்கு அவசரம் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலில் மாறட்டும் என்று நின்றார்கள். அறிவியல் கணக்குகளுக்கு அடித்தளமான நம்பை 2010-லேயே, 1.5 பதிப்பில், பைத்தான் 3-க்கு வந்தது பெரிய உதவி. இணையதளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோ 2013-இல், 1.5 பதிப்பில், சோதனை நிலையில் வந்தது.

பைத்தான் குழுவின் தொடக்கத் திட்டம் இங்கேதான் தடுமாறியது. 2டு3 கருவியால் ஒருமுறை மாற்றுங்கள், பிறகு புதியதிலேயே வாழுங்கள் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. லைப்ரரி எழுதுபவருக்கு அது ஒத்துவரவில்லை. அவருக்குப் பழைய பயனர்களும் வேண்டும், புதியவர்களும் வேண்டும். ஒரே மூலநிரல் இரண்டு பதிப்பிலும் ஓடுவதே அவருக்கு வழி. அப்படி எழுத உதவும் சிறு லைப்ரரி ஒன்றுக்கு ‘சிக்ஸ்’ என்று பெயர். 2-ஐ 3-ஆல் பெருக்கினால் 6. பைத்தான் 3-இன் முதல் பதிப்புகள் இந்த வழியை மறித்துக்கொண்டு நின்றன. பழைய நிரலில் யுனிகோடைக் குறிக்க முன்னால் போட்ட ‘யு’வை 3.0 ஏற்கவில்லை. 2012-இல் வந்த 3.3 அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. புதிய மொழிக்கு அந்த ‘யு’வால் ஒரு பயனும் இல்லை. பழையதிலிருந்து வருபவர்கள் பல்லாயிரம் வரிகளைத் தொடாமல் வர முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் அதுதான் திருப்பம். பயனர்கள் வர மறுக்கிறார்கள் என்று புலம்புவதை விட்டு, அவர்கள் வரும் வழியில் கிடந்த கல்லை மொழியே குனிந்து எடுத்துப் போட்டது.

இன்னொரு கல்லை எடுக்க 2015 ஆனது. பைட் வரிசைக்குள் மதிப்புகளைச் செருகப் பயன்படும் சதவீதக் குறி முறையைப் பைத்தான் 3 நீக்கியிருந்தது. 3.5 பதிப்பில் அது திரும்ப வந்தது. அதை ஆவலோடு எதிர்பார்த்திருந்த திட்டங்களில் ஒன்று மெர்க்குரியல். அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெர்க்குரியல் என்பது மூலநிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்துவைக்கும் கருவி. இன்று பலரும் அறிந்த கிட் செய்யும் அதே வேலை. பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமத்தை லினக்ஸ் கர்னல் குழு இழந்தபோது, 2005 ஏப்ரலில் இரண்டும் பிறந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் பெரும்பாலும் சி மொழியில் இருந்தது. மேட் மெக்கால் தொடங்கிய மெர்க்குரியல் பெரும்பாலும் பைத்தானில் இருந்தது.

இத்தகைய கருவிக்கு எல்லாமே பைட்தான். அது சேமிக்கும் கோப்பில் இருப்பது உரையா, படமா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. லினக்ஸில் கோப்புப் பெயர்கூட வெறும் பைட் வரிசைதான். அது சரியான யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யுனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர் வைத்துச் சேமித்த கோப்பு ஒன்று இருந்தால், அதன் பெயர் யுடிஎஃப்-8 ஆகாது. உரையாகத்தான் படிப்பேன் என்று நிரல் அடம்பிடித்தால் அந்தக் கோப்பைத் தொடவே முடியாது. மேலும் மெர்க்குரியல் வரலாற்றின் ஒவ்வொரு கண்ணிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண் உண்டு. ஒரு பைட் மாறினால் அந்த எண் மாறும். அதற்குப் பின்வந்த எல்லாக் கண்ணிகளின் எண்ணும் மாறும். பழைய பதிப்பில் உருவான வரலாறும் புதிய பதிப்பில் உருவாகும் வரலாறும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

உலகத்தின் பெரும்பாலான நிரல்களுக்குப் பைத்தான் 3 செய்த மாற்றம் நன்மை. மெர்க்குரியலுக்கு அது தலைகீழ். மேற்கோள்குறி போட்ட இடத்திலெல்லாம் அவர்கள் நினைத்தது பைட். புதிய மொழியோ அதை உரை என்றது. கட்டளை வரியில் பயனர் தட்டுவது, இயக்க முறைமையின் சூழல் மாறிகள், ஒரு பொருளின் பண்புப் பெயர்கள் எல்லாம் பைத்தான் 3-இல் உரையாகவே வந்தன. ஒவ்வொரு எல்லையிலும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

குழுவினர் முதலில் ஒரு துணிச்சலான ஏற்பாடு செய்தார்கள். பைத்தான் 3-இல் ஓடும்போது, ஒவ்வொரு கோப்பையும் ஏற்றும் கணத்தில் அதன் சொற்களைப் படித்து, தேவையான மேற்கோள்குறிகளுக்கு முன்னால் தானாகவே ‘பி’ சேர்க்கும் மாற்றி ஒன்றை எழுதினார்கள். மூலநிரலைத் தொட வேண்டியதில்லை, பைத்தான் 2-இல் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்குத் தொந்தரவும் இல்லை. ஆனால் திரையில் பார்க்கும் வரி ஒன்று, ஓடும் வரி வேறொன்று என்பது நீண்டகாலத்துக்கு நல்லதல்ல. 2019-இல் மூலநிரல் முழுவதிலும் அந்த ‘பி’யை நிஜமாகவே எழுதிவிட்டார்கள். இப்படி மொத்தமாகச் செய்யும் மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. இந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று வரலாற்றைப் புரட்டினால், பல வரிகளில் அந்த இயந்திர மாற்றமே முதலில் கண்ணில் படும்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மெர்க்குரியலின் டெஸ்டுகள் விசித்திரமான அழகு உள்ளவை. ஒரு கட்டளை, அதற்குக் கீழே அது அச்சிட வேண்டிய விடை, மறுபடி ஒரு கட்டளை, விடை என்று ஒரு சாதாரணக் கோப்பு. ஓடும்போது உண்மையான விடை எழுதிவைத்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பைத்தான் 3-இல் தேறிய டெஸ்டுகளின் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலில் வைத்தார்கள். ஒன்று தேறினால் பட்டியலில் ஏறும். ஏறிய பிறகு யாராவது அதை உடைத்தால் தானியங்கிச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். ஆயிரமாயிரம் சிக்கல்களுக்கு முன்னால் மலைத்து நிற்காமல், இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வேலை நகர்ந்தது. நேற்றுவந்த தன்னார்வலர்கூட, பட்டியலில் இல்லாத டெஸ்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் பயனுள்ள வேலையைச் செய்துவிட முடியும். ஆணையிட ஆளில்லாத இடத்தில் வேலையை இப்படிச் சிறு துண்டுகளாக்கிக் கண்ணெதிரே வைப்பதுதான் தலைமை.

2019 நவம்பரில் வந்த 5.2 பதிப்பில் பைத்தான் 3 ஆதரவு பீட்டா நிலையில் வந்தது. பைத்தான் 2-ஐ முழுதாகக் கைவிட்டது 2022-இல், 6.2 பதிப்பில்.

காலிபர் என்ற மென்பொருளின் கதையில் தடை வேறு வகையானது. மின்னூல்களைச் சேர்த்துவைக்கவும் வடிவம் மாற்றவும் நம்மில் பலர் பயன்படுத்தும் அந்த மென்பொருளை எழுதியவர் இந்தியரான கோவித் கோயல். முழு மூலநிரலையும் மாற்றுவதைவிடப் பைத்தான் 2-ஐத் தானே பராமரிப்பது குறைந்த வேலை என்பது தொடக்கத்தில் அவர் நிலை. அதைப் பிடிவாதம் என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பகுதியைத் தனியாளாகச் சுமப்பவர் தன் நேரத்தை எங்கே செலவிடுவது என்று போட்ட கணக்கு அது. ஆனால் டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் பைத்தான் 2-ஐயே வெளியேற்றத் தொடங்கிவிட்டன. தன்னார்வலர்கள் சிறுசிறு பேட்சுகளாக அனுப்ப அனுப்ப, அவரும் சேர்த்துக்கொண்டார், அவரும் உழைத்தார். 2020 செப்டம்பரில் காலிபர் 5.0 பைத்தான் 3-இல் வெளிவந்தது. பிறர் எழுதிய செருகுநிரல்களை அவரவர்தான் மாற்ற வேண்டியிருந்தது. அப்போது மாறாத ஒன்றை நம்பியிருந்தவர்களுக்கு 4.23 பதிப்பிலேயே தங்குவதுதான் வழி. ஒரு திட்டம் மாறும்போது அதைச் சுற்றி வாழும் திட்டங்களுக்கும் நோட்டீஸ் போகிறது.

பழைய பயனர்களை எப்படி விடைகொடுத்து அனுப்புவது என்பது தனிக் கலை. பைத்தான் 2.7-ஐ 2015-இல் நிறுத்துவதாக இருந்தார்கள். 2014-இல் அதை 2020 வரை நீட்டித்தார்கள். இதற்கிடையில் பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பின் 9-ஆம் பதிப்பு 2016-இல் வந்து ஒரு நல்ல வேலை செய்தது. லைப்ரரியின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்று அறிவிக்கலாம். பிப் அதைப் படித்து, பயனரின் பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானே தேர்ந்தெடுக்கும். 2017-இல் பைத்தானை ஊடாடி இயக்கும் கருவியான ஐபைத்தானின் 6-ஆம் பதிப்பு பைத்தான் 2-ஐக் கைவிட்டபோது, பழைய பைத்தானில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் 5-ஆம் பதிப்பே போய்ச் சேர்ந்தது. ஜாங்கோ, 1.11-ஐ நீண்டகால ஆதரவுப் பதிப்பாக விட்டுவைத்துவிட்டு, 2017 டிசம்பரில் 2.0-ஐப் பைத்தான் 3-க்கு மட்டும் என்று வெளியிட்டது. மாற முடியாதவர்களுக்கு 2020 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. பைத்தான் 2-இன் கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில்.

மற்ற மொழிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. கோ மொழி 2012-இல் முதல் பதிப்பு வெளியிட்டபோதே, இதற்கு எழுதிய நிரல் பின்னாலும் ஓடும் என்று உறுதி கொடுத்தது. ரஸ்ட் மொழியில் 2015, 2018, 2021 போன்ற ‘எடிஷன்’கள் உண்டு. ஒரு எடிஷனில் எழுதிய லைப்ரரியை வேறொரு எடிஷனில் எழுதிய நிரல் தாராளமாகப் பயன்படுத்தலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பைத்தானும் இப்போது அப்படியொரு பெரிய உடைப்பைச் செய்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் புதிய பதிப்பு வரும், நீக்கப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும், பிறகு நீக்கும். 2023-இல் 3.12 வந்தபோது, லைப்ரரிகளைப் பொதிகட்டப் பல காலம் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் நீங்கியது. முன்பே எச்சரித்திருந்தும், அன்று வேலை நின்ற திட்டங்கள் உண்டு. எச்சரிக்கையைப் படிப்பவர் குறைவு என்பதால், டெஸ்ட் ஓடும்போது எச்சரிக்கையைப் பிழையாகவே கருதச் சொல்லி அமைத்துவிடுவது நல்ல பழக்கம்.

புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டிய திட்டம் ஒன்று உங்கள் கையில் இருந்தால், மொழியை மாற்றுவதற்கு முன் டெஸ்ட் எழுதுங்கள். இப்போது நிரல் செய்வது என்ன என்று பதிவாகியிருந்தால்தான் பிறகு மாறியது தெரியும். பழைய பதிப்பிலும் புதியதிலும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டிப் பாருங்கள். இடம்பெயர்ப்பு பேட்சில் அழகுபடுத்தும் வேலையைக் கலக்காதீர்கள். படித்துச் சரிபார்ப்பவருக்கு எது எதற்காக என்று பிடிபடாது. வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே நுழையும் இடத்திலேயே உரையாக்குங்கள், வெளியே போகும் இடத்தில் பைட்டாக்குங்கள். எந்தப் பதிப்பு வரை ஆதரவு என்பதை உங்கள் பயனர்களின் கணினியில் இருப்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். அரசுப் பள்ளியிலோ சிறு அலுவலகத்திலோ இருக்கும் கணினி உங்களுடையதைவிடச் சில ஆண்டு பழையதாக இருக்கலாம். பழையதைக் கைவிடும் பதிப்புக்குப் புதிய முதன்மை எண் கொடுங்கள்.

இன்றும் பைத்தான் 2-இல் எழுதிய ஒரு நிரலை யாராவது வைத்திருந்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2024-இல் வந்த 3.13-இலிருந்து 2டு3 கருவியே நீக்கப்பட்டுவிட்டது. 3.12-ஐயோ அதற்கு முந்தைய பதிப்பையோ தனியாக நிறுவி, அதோடு வரும் கருவியால் முதல் மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். அடைப்புக்குறிகளை அது போட்டுக் கொடுக்கும். மேற்கோள்குறிக்குள் இருப்பது பைட்டா, எழுத்தா என்பதை அதன்பிறகு நீங்கள்தான் வரிவரியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.